ஏழு நாள் கணக்கு

இந்த எபிசோடில் நேரம் இல்லாமல் விட்டுப்போன கேள்வி: டிஸ்க் நிறைஞ்சுபோச்சு, பழைய டேட்டாபேஸ் பேக்கப்பை எப்படி அழிக்கிறது?

துபாய், ஷார்ஜா பக்கம் சின்ன ஆபீஸ்களில் நான் அதிகம் பார்ப்பது ஒரே முறைதான். ராத்திரி பேக்கப் எடு. ஏழு நாளைத் தாண்டிய ஃபைல்களை ‘ஃபைண்ட்’ கமாண்ட் வைத்து அழி. ஒழுங்காத்தான் தெரியும். ஆனா அந்தக் கமாண்டுக்கு ஃபைலின் வயசு மட்டும்தான் தெரியும். புது பேக்கப் ஒழுங்கா வந்ததா என்பது தெரியாது.

ஈத் லீவை யோசிச்சுப் பாருங்க. முன்னும் பின்னும் வார இறுதி சேர்ந்தால் சில வருஷம் ஒன்பது நாள் வந்துடும். முதல் நாளே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் காலாவதியானா, அதன்பிறகு தினமும் ஜீரோ பைட் ஃபைல்தான் விழும். அழிக்கிற வேலை மட்டும் தவறாம நடக்கும். எல்லாரும் ஊரிலிருந்து திரும்பும்போது டிஸ்க்கில் தாராளமா இடம் இருக்கும், நல்ல பேக்கப் ஒன்றுகூட இருக்காது.

அதனால் நாள் கணக்கை விட்டுட்டு எண்ணிக்கையைப் பிடிங்க: சரிபார்த்த கடைசி ஏழு பேக்கப் எப்பவும் இருக்கணும். புதுசு முடிந்து, அதன் அளவு நேற்றையதோடு ஒத்துப்போனால் மட்டுமே பழசில் கை வைக்கணும். ஆரக்கிள்காரர்களுக்கு ஆர்மேனில் ‘ரிடண்டன்சி’ என்று இதே கணக்கு உண்டு. அங்கே ஃபைலை நேரடியாக அழிக்காதீங்க, அதன் பதிவேட்டுக்கு அது தெரியாது. மாதம் ஒருமுறையாவது டெஸ்ட் சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்க. அளவு சரியா இருப்பது மட்டும் போதாது.

அழிக்கிற ஸ்கிரிப்டையும் நம்பிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பத்து நாளுக்கு மேலான லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்டை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். ஒரு வேரியபிள் காலியாகி, 77 டெராபைட் ஆய்வுத் தரவு போச்சு. எந்த ஃபைல் போகும் என்ற பட்டியலை முதலில் அச்சிட்டுப் பாருங்க, அப்புறம் அழிங்க.

இன்னொன்று. அமீரகத்தில் வாட் கணக்குகளைப் பொதுவாக 5 வருஷம், கார்ப்பரேட் வரிக்கானதை 7 வருஷம் வைத்திருக்கணும். ஓடுகிற டேட்டாபேஸில் பழைய இன்வாய்ஸ் இருந்தால் கவலை குறைவு. ஆனா கம்பெனி சாஃப்ட்வேர் மாறியிருந்தால், பழையதின் கடைசி பேக்கப்தான் ஒரே சாட்சியா இருக்கலாம். அதை வேறு இடத்துக்கு நகர்த்தி, அக்கவுண்டன்டிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு இடத்தைக் காலி பண்ணுங்க.