பாறையில் தலைகீழாய் ஓர் உயிர்

தூத்துக்குடித் துறைமுகத்தின் இரு பக்கமும் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீண்டு செல்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மணற்பாங்கான இக்கரையில் மனிதன் கொண்டுவந்து கொட்டிய பாறைகள் அவை. இத்தகைய கற்களில் வெறுங்காலோடு ஏறியவர்களுக்குக் கொட்டலசை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாணவப் பருவத்தில் என் பாதத்தையும் அது கிழித்திருக்கிறது.

சின்னஞ்சிறு எரிமலை போன்ற வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு. உச்சியில் ஒரு வாய். இது சிப்பி இனம் என்று நீங்கள் நினைத்தால் வெட்கப்பட வேண்டாம். லின்னேயஸ், கூவியே ஆகிய மேதைகளும் அப்படித்தான் நினைத்தனர். நீந்தித் திரியும் கணுக்கால் லார்வா ஒன்றே ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறுகிறது என்று ஜான் வாகன் தாம்ஸன் என்ற இராணுவ மருத்துவர் 1830-இல் எழுதிய பிறகுதான் இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு எனத் தெரிந்தது. டார்வின் இவ்வுயிரை 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார்!

கூட்டுக்குள் கொட்டலசு தலைகீழாகக் கிடக்கிறது. தலைப்பக்கம் பாறையில் ஒட்டியிருக்க, இறகு போன்ற ஆறு இணைக் கால்களை வெளியே நீட்டி வலைபோல் வீசி, மிதக்கும் நுண்ணுணவைப் பிடிக்கிறது. நீர் வற்றினால் மூடித் தகடுகளைச் சாத்தி, உள்ளே ஈரத்தைக் காத்துக்கொள்ளும். மிக உயரத்தில் ஒட்டினால் வெயிலில் காய்ந்துவிடும். நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே வசதியான இடம் குறுகிய பட்டைதான்.

அந்த இடத்தைத் தேர்வது எப்படி? முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் லார்வா பலமுறை தோலுரித்துச் சைப்ரிட் ஆகிறது. சைப்ரிட் எதையும் உண்பதில்லை. சேமித்த கொழுப்பு தீருமுன் இடம் பிடித்தாக வேண்டும். முன் உணர்கொம்புகளால் பாறைமீது நடந்து, சொரசொரப்பையும் நீரோட்டத்தையும் சோதிக்கிறது. தன் இனத்தார் விட்ட இரசாயனத் தடயத்தையும் தேடுகிறது. பிறகு நகரவே முடியாதல்லவா? அருகில் துணை இல்லையேல் சந்ததி இல்லை.

இயற்பியல் ஆசிரியனான என்னை வியக்க வைப்பது அதன் பசைதான். ஈரத் தட்டில் கோந்து ஒட்டாது. இடையில் உள்ள நீர்ப்படலம் தடுக்கும். சைப்ரிட் கொழுப்புப் பொருளைக் கசியவிட்டு நீரை விலக்கி, அதன்பின் புரதப் பசையை இறுகச் செய்கிறது.

இத்திறமையே முத்துக்குப் பகை. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கினர். வேப்பலோடைப் பண்ணையில் தொங்கவிட்ட முத்துச்சிப்பிகளின் மேல் கொட்டலசுகள் அடர்ந்து படிந்தன. கொட்டலசுக்குச் சிப்பியின் ஓடும் ஒரு பாறைதானே! விளிம்பில் ஒட்டி, ஓடு திறப்பதற்கு இடையூறு செய்கிறது. ஒரே உணவுக்கும் போட்டியிடுகிறது. அடிக்கடி சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அதிலும் ஓட்டின் மெல்லிய விளிம்பு உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டும்போது உராய்வு கூடி எரிபொருள் வீணாகிறது. வெள்ளீயச் சேர்மம் கலந்த நச்சு வர்ணம் ஒரு காலத்தில் கைகொடுத்தது. அது நத்தைகளையும் சிப்பிகளையும் கெடுத்ததால், 2008 முதல் உலக ஒப்பந்தத்தின்படி தடை செய்யப்பட்டது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கொட்டலசு ஒட்டிய சிறு கல்லைக் கடல்நீருள்ள கண்ணாடிக் குவளையில் வைத்து, அசையாமல் காத்திருங்கள். கால்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை வீசுகின்றன என எண்ணுங்கள். காலையிலும், நீர் சற்றுச் சூடேறிய நண்பகலிலும் எண்ணி ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் கையின் நிழல் குவளைமேல் விழட்டும். கால்கள் சட்டென உள்ளே மறையும். முடிந்ததும் கல்லை எடுத்த உயரத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.