கடிதலும் பாராட்டலும்

வகுப்பில் குறும்பு செய்யும் மாணாக்கனை ஆசிரியர் கடிந்துரைத்தல் வழக்கம். அஃது அவனை அடக்குமென்றே நாம் கருதுகின்றோம். நடத்தையியலார் கொள்கை வேறு. ஒரு செயலின் பின் இனிய பயன் விளையுமாயின் அச்செயல் மீண்டும் நிகழும் என்பர் அவர். ஆசிரியரின் பார்வை தன்மேல் விழுதலே சிறுவர் பலர்க்கு இனிய பயனாகும்; கடியும்போதும் அது கிடைத்தலால் குறும்பு வளர்தலும் உண்டு.

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேட்ஸன், பெக்கர், தாமஸ் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சியில், விதிகளைக் கூறுதல் மட்டும் பெரிதும் பயன்படவில்லை. சிறு குறும்புகளைப் பொருட்படுத்தாது, நற்செயலை உடனே பாராட்டியவிடத்து ஒழுங்கு மிகுந்தது. பிறர்க்குத் தீங்கிழைப்போனைத் தடுத்தல் மட்டும் எஞ்ஞான்றும் வேண்டுவதே.

நாளை ஆசிரியராகும் நாம், அமைதியாகப் பயில்வோனை எத்துணை முறை நோக்குவோம் என இன்றே எண்ணுவோமாக.