முதல் வந்தும் முற்றாத வளர்ச்சி

வறிய நாடுகளில் வருமானம் குறைவு; ஆதலின் சேமிப்புக் குறைவு; அதனால் முதலீடு குறைந்து வருமானம் மீண்டும் தாழும். இதனை ‘வறுமையின் நச்சு வட்டம்’ என 1953-இல் விளக்கினார் ராக்னர் நர்க்ஸ். எனின், அயல்நாட்டு மூலதனம் வந்தால் இவ்வட்டம் அறுபடுமா? தேர்வுக்கு இதனை மனனம் செய்யும் மாணவர் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் சென்று வருதல் நன்று.

ஏரிப் பாசன ஊர்கள் நிறைந்த அப்பகுதியில், 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கொண்டது. 2006-இல் நோக்கியா கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்து பணியேற்றனர். வட்டம் அறுந்ததென்றே தோன்றியது. ஆயின் 2014-இல் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கின் காரணமாக இவ்வாலை அதில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது.

கட்டடம் இங்கிருந்தது; வடிவமைப்பும் வணிக முடிவும் தொடக்கம் முதலே அயல்நாட்டில் இருந்தன. பணிப்பெண்கள் கற்றதோ பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும் திறனே. அத்திறனைக் கொண்டு சொந்த ஊரில் என்ன தொழில் செய்வது? ஹூண்டாயைச் சூழ்ந்து ஒரகடம் வரை உதிரிப்பாக ஆலைகள் வேரூன்றின. அதனை எளிதில் பெயர்த்தெடுக்க இயலாது. நோக்கியாவின் வளாகத்திலோ, பின்னாளில் சால்காம்ப் என்னும் மற்றோர் அயல்நாட்டு நிறுவனம் மின்னேற்றிகள் செய்யத் தொடங்கியது.