சுமை ஏற்றினால் மிஸ் அடிக்கும் மோட்டார் சைக்கிள்: பழுதை இனம் காண்பது எப்படி?

சரக்கு எடுத்து வர நம்மில் பலர் இன்றும் பழைய நூறு சி.சி. மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறோம். 1994-ல் வெளிவந்த ஸ்பிளெண்டர் போன்ற கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் கடை வாசல்களில் நிற்கின்றன. இரண்டு அரிசிச் சிப்பங்களுடன் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிட்டால், சரக்குக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

மெக்கானிக் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். நன்றாக ஓடுகிறது. கார்புரேட்டரைக் கழுவித் தருகிறார். மறுநாள் சுமை ஏற்றியதும் பழைய கதைதான். காரணம் எளிது. சுமையோடு ஆக்சிலேட்டரைத் திருகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வது கடினம். வெறும் வண்டியில் சமாளித்த பலவீனமான பொறி, சுமையில் தவறிவிடுகிறது. ஆகவே, "எப்போது மிஸ் அடிக்கிறது?" என்பதை நாம் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

1. சுமையில் மட்டும் என்றால்: முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் என்ஜினுக்குள் ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இடைவெளி பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பழைய பிளக் என்றால் புதிது போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை.

2. மழையில் மட்டும் என்றால்: பிளக் கேப்பிலோ வயரிலோ விரிசல் இருக்கும். இருட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கேப்பைச் சுற்றி நீலப் பொறி தெறித்தால் கசிவு அங்கேதான். ஓடும்போது கையால் தொடக் கூடாது.

3. சிறிது தூரம் ஓடிய பிறகு என்றால்: வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, பிறகு வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லாமல், ஆறிய பிறகே கிளம்பினால் சூட்டில் தளரும் காயிலையோ சி.டி.ஐ. யூனிட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

4. எல்லா நேரமும் என்றால்: வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே சோக்கைப் பாதி இழுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு. இன்னும் மோசமானால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மாவும் சாக்குத் தூசியும் பறக்கும் கிடங்கில் நிற்கும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோலையும் மறக்க வேண்டாம். நாட்டில் 2025-ல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நிறுத்திய வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். பழைய ரப்பர் குழாய்களும் கெடலாம். கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், நீர் இருந்தால் அடியில் தெரியும். பக்கத்தில் பீடியும் அடுப்பும் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் மிஸ் அடித்தால் வால்வு, ரிங் ஆகியவற்றைச் சோதிப்பது மெக்கானிக்கின் வேலை. அப்போதும் சுமையை இறக்காமல் கொண்டு போய், அவரைச் சுமையோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிட்டையில் ஒரு பக்கம் ஒதுக்கி, பிளக் மாற்றிய தேதியையும் பழுது வந்த நேரத்தையும் குறித்து வைப்போம். கடைக் கணக்கைப் போலவே வண்டிக்கும் கணக்கு இருந்தால் தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் போகாது.