ரேம் மாற்றிய பிறகு லேப்டாப் மக்கர் பண்ணுகிறதா? பார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய லேப்டாப் ரொம்ப ஸ்லோ என்று கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போடுகிறோம். முதல் நாள் நன்றாக ஓடும். அடுத்த நாள் நீலத் திரை வந்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். கடையில் கேட்டால், "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சுங்க, பார்மேட் அடிச்சுரலாம்" என்பார்கள். உடனே தலையாட்டி விடாதீர்கள். ரேம் மாற்றும் வரை இல்லாத பிழை, மாற்றியதும் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேமைத்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்கள் இதற்காக வத்தலக்குண்டு வரை இறங்கி ஏறினால் ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். பின்பக்க மூடியைக் கழற்றத் தெரிந்தால் பாதிச் சோதனையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீலத் திரை தொல்லைதான், ஆனால் அது தெரிந்து வரும் தொல்லை. தெரியாமல் வருவதுதான் மோசம். நீங்கள் காப்பி செய்யும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேமில் ஒரு சின்ன இடம் பழுதாக இருந்தாலும் ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழோ மதிப்பெண் பட்டியலோ சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். விண்ணப்பத்தில் ஏற்றும்போதுதான் 'கோப்பு திறக்கவில்லை' என்று தெரியும். அதனால் பிழை வந்ததும் பதறிப்போய் பேக்கப் எடுக்காதீர்கள். புதிய ரேமைக் கழற்றி, பழையதை மட்டும் போட்டு ஆன் செய்து, அதன் பிறகு பேக்கப் எடுங்கள். கடைசித் தேதி நெருங்கிவிட்டதா? இந்த லேப்டாப்பை நம்பாமல் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். டிஜிலாக்கரில் இருக்கும் சான்றிதழ்களை போனிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பொருத்தமான ரேம்தானா?

நம் ஊர் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்புகளில் கணிசமானவை அரசின் விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம்தான். ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறியதால், 'பக்கத்து வீட்டுத் தம்பி போட்ட அதே ரேம்' உங்களுக்குச் சேரும் என்று சொல்ல முடியாது.

டிடிஆர்3 இருந்த இடத்தில் டிடிஆர்4 உட்காரவே உட்காராது. முன்னதில் 204 பின், பின்னதில் 260 பின். நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஆனால் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குழப்பம் இங்கேதான் வருகிறது. சாதா டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும். எல் வகைக்கு 1.35 வோல்ட் போதும், 1.5-லும் ஓடும். 1.35 மட்டுமே கொடுக்கும் லேப்டாப்பில் சாதா வகையைப் போட்டால் ஆன் ஆகாது, ஆனாலும் தடுமாறும். லேபிளில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா என்று ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும்.

மலைக்கு ஏற்ற கவனம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் ஈரமும் நமக்குப் பழகிவிட்டன, ரேமின் தங்க நிற முனைகளுக்குப் பழகாது. இரவெல்லாம் குளிரில் கிடந்த லேப்டாப்பை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல உள்ளேயும் படியும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத் திறங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பிரச்சினை தலைகீழ். காற்று வறண்டிருக்கும், எல்லோரும் ஸ்வெட்டரில் இருப்போம். கம்பளியில் உருவாகும் நிலைமின்சாரம் நமக்குச் சுருக்கென்று தைக்காத அளவில்கூட சிப்பைக் கெடுத்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பூசாத உலோகம் எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அணைக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் 8, 10-ல் சாதாரணமாக அணைத்தால் முழுசாக அணையாது; பழைய நிலையை டிஸ்க்கில் சேமித்து வைக்கும். இடையில் ரேம் மாறினால் திரும்ப எழும்போது திணறலாம். சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றுங்கள். ரேம் முனையில் கறை இருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தாலே கறுப்புத் திரை, பீப் சத்தம் எல்லாம் வரும்.

குற்றவாளி யார்?

சரியாக உட்கார வைத்தும் பிழை நிற்கவில்லையா? புதிய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு அதையே இரண்டாவது ஸ்லாட்டில். அடுத்து பழையதையும் அப்படியே. பிழை ரேமின் கூடவே இடம் மாறினால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட்டில் கோளாறு. அதற்கு சர்வீஸ் கடைதான் வழி. தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக ஓடி, சேர்ந்தால் மட்டும் சண்டை போட்டால் ஜோடிப் பொருத்தம் இல்லை. அப்போது ஒரே கம்பெனியின் ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒரே ஒரு ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் பழையதையும் புதியதையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. இதற்காகவே பழைய 2 ஜிபியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் மெனுவில் உள்ள விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டலாம். இன்னும் கறாரான சோதனை வேண்டுமென்றால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள்; விண்டோஸ் இல்லாத பாஸ் லினக்ஸ் லேப்டாப்பிலும் ஓடும். ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். மழைக்காலமென்றால் கரண்ட் கட் ஆகும், பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப வேண்டாம்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் எப்போதாவது ரேமில் ஒரு பிட்டை மாற்றிவிடும், உயரமான இடங்களில் அது கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது எங்கோ ஒரு தடவை வந்து போகும். சோதனையில் அதே முகவரியில் திரும்பத் திரும்ப வரும் பிழைக்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது!

பிழை இல்லை, ஆனால் கணக்கு குறைகிறது

"4 ஜிபி போட்டேன், 3 சொச்சம்தான் காட்டுது" என்றால் அது பழுது அல்ல. 32 பிட் விண்டோஸ் அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்புக்கோ 2 ஜிபிதான் உச்சவரம்பு. திரைக்கான கிராபிக்ஸும் ரேமில் கொஞ்சம் பங்கு கேட்கும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் செலவு செய்யும் முன், லினக்ஸுக்கு மாறலாமா என்றும் யோசியுங்கள்.

ரேம் பழுது என்று உறுதியானால், பிழைத் திரையையும் ரேம் லேபிளையும் போனில் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் வாரண்டி பேச முடியாது, வாங்கும்போதே கேளுங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம்.