வளர்த்த நாயை யாரிடம் விடுவது? மன்னார் கழுதைகளைப் பார்த்து ஒரு பாடம்



ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போகிற நம்ம ஆட்கள் பலர், மாதாவைக் கும்பிட்டுவிட்டு அப்படியே மன்னார் டவுனையும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்து சொல்கிற கதைகளில் கழுதைக் கதை கட்டாயம் இருக்கும். நடு ரோட்டில் நிற்கிறதாம், கடை வாசலில் படுக்கிறதாம், ஹோர்ன் அடித்தாலும் நகராதாம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தக் கழுதைகள் அங்கே ஏன் அப்படித் திரிகின்றன என்று கேட்டால் சிரிப்பு வராது.

ஒரு காலத்தில் அவை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள். அரபு வியாபாரிகள் கொண்டு வந்த இனம் என்று சொல்வார்கள். மன்னார்க் கரையில் மூட்டை சுமந்தது கழுதைதான். லொறியும் டிராக்டரும் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. யாரும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கழுதைகளை விரட்டிவிடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் "ஒன்றுதானே, எங்கேயாவது மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்" என்று கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். விட்டது குட்டி போட்டது. இன்று வாகனம் மோதிக் கால் உடைந்ததும், குப்பையில் பொலித்தீன் தின்றதுமாகத் திரிகின்றன. 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு அவற்றுக்காக மன்னாரில் ஒரு வைத்திய நிலையத்தை ஏற்படுத்தியது. சொந்தக்காரர் விட்ட பொறுப்பை வேறு யாரோ எடுக்க வேண்டி வந்தது.

இதை ஏன் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்கிறோம்? நம்ம லயத்திலும் அதே கயிறு அவிழ்கிறது, கழுதைக்குப் பதில் நாய்க்கு.

மகன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான், அம்மா வெளிநாடு போகிறாள், குடும்பம் டவுனில் வாடகை ரூமுக்கு மாறுகிறது. ரூம்காரர் நாய் வேண்டாம் என்கிறார். உடனே சாக்கில் போட்டு பஸ் ஸ்டாண்டிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டு வருகிறார்கள். பொட்டைக் குட்டி என்றால் கண் திறக்கும் முன்பே போய்விடும். வளர்ந்த நாய் இரண்டு நாளில் தேடிக்கொண்டு பழைய லயத்துக்கே வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக் கிடக்கும். லயத்தைச் சுற்றி ஆள் இல்லாத நாய் கூடினால் சிறுத்தையும் வரும். மலைநாட்டில் சிறுத்தைக்கு நாய் ஒரு லேசான இரை.

நாயை விட்டுப் போவது நமக்குப் புதிய கதை இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன நம்ம சனம் ரயிலில் போய்த் தலைமன்னார்த் துறையில் கப்பல் ஏறியது. நாயைக் கூட்டிக்கொண்டு போக வழி ஏது? பக்கத்துக் காம்பராவில் சொல்லி, "இதுக்கு ஒரு வாய் சோறு போடுங்க அக்கா" என்று கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஒரே வழி. நாங்கள் சொல்வதும் அதைத்தான். வைத்திருக்க முடியாத நாயை இன்னொருவர் கையில் கொடுப்பது பாவம் இல்லை, வெட்கமும் இல்லை. கையில் கொடுக்காமல் ரோட்டில் கொடுப்பதுதான் தப்பு.

சிலர் "கவுன்சில் வண்டி பிடித்துக்கொண்டு போகும்தானே" என்கிறார்கள். அது பழைய கதை. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006ஆம் ஆண்டு கைவிட்டது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் அதற்குப் பிறகு வந்த வழி.

நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன. ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய 'எம்பார்க்' பலருக்குத் தெரிந்த பெயர். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த அமைப்பிடமும் இடம் கொஞ்சம்தான். அடிபட்டதும் தாய் இல்லாத குட்டியும்தான் முதலில் உள்ளே போகும். நல்ல சுகத்தோடு, வீட்டுக்காரரும் உள்ள நாய்க்கு "காத்திருங்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேட்டில் கட்டிவிட்டு ஓடி வருவதை ஒப்படைப்பு என்று சொல்ல முடியாது. முதலில் பேசுங்கள், அவர்கள் சொல்லும் நாளுக்குக் கொண்டு போங்கள். கொடுக்கும்போது கையெழுத்துக் கேட்டால், அதற்குப் பிறகு நாய் உங்களுடையது இல்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "எப்போ திரும்பக் கொண்டு வருவோம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அமைப்புக்கோ புது வீட்டுக்கோ கொடுக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வயது என்ன, கூப்பிடும் பெயர் என்ன, கோழியைத் துரத்துமா, சின்னப் பிள்ளைகளோடு எப்படி, யாரையாவது கடித்திருக்கிறதா. கடித்ததை மறைத்தால் அங்கே ஒரு பிள்ளை கடி வாங்கும், நாயும் மறுபடி ரோட்டுக்கு வரும். அது படுத்த சாக்கையும் கூடவே கொடுத்து விடுங்கள். பழைய வாசனை இருந்தால் புது இடத்தில் கொஞ்சம் அடங்கும்.

ஊசி விஷயம் இன்னும் முக்கியம். விசர் நோய் குணம் காட்டிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். நாய்க்கு அந்தத் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, பி.எச்.ஐ. ஐயாவைக் கேட்டால் நாள் சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். ஊசி போட்ட கார்டு இருக்கிற நாயை வாங்க ஆள் வருவார்கள். அதுபோல பொட்டை நாய்க்குக் கருத்தடை செய்திருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அது ஆறு ஏழு மாதத்திலேயே சினைப்படலாம், 63 நாள் அளவில் குட்டி போடும், வருஷத்தில் இரண்டு தடவையும் போடும். மிருக வைத்தியர் ஆபிஸில் கருத்தடை முகாம் எப்போது என்று விசாரித்து வையுங்கள்.

நாயைக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்தால், பெட்டி கட்டிய பிறகு வராமல் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே எங்கள் ஆபிஸுக்கு வந்து சொல்லுங்கள். நாயின் விவரத்தை எழுதிக்கொண்டு முதலில் அடுத்த டிவிஷனில் கேட்டுப் பார்ப்போம். அநேகமாக அங்கேயே ஒரு வாசல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அமைப்புகளோடு பேச டெலிபோன் இருக்கிறது. வரும்போது ஊசிக் கார்டையும் கொண்டு வாருங்கள்.