உச்சியில் விடைபெற்ற வீரர்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் களத்தில் நின்ற ஆண்டுகளைக் கொண்டும், அடித்த கோல்களைக் கொண்டும் அளப்பது உலக வழக்கு. அந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி எழுத விழைகின்றேன். அவர் அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர் மைக் எருசியோனி. நம் கல்லூரி ஹாக்கி அணியில் மூன்றாண்டுகள் ஆடி, இவ்வாண்டுடன் மட்டையைக் கீழே வைக்கப்போகும் எனக்கு அவருடைய வரலாறு ஒரு பாடமாக அமைந்தது.

ஆட்டத்தின் இயல்பு

நாம் ஆடும் ஹாக்கியினின்று ஐஸ் ஹாக்கி பெரிதும் வேறுபட்டது. காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திப் பனித்தளத்தில் சறுக்கியபடி ஆட வேண்டும். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள 'பக்' என்னும் கெட்டி ரப்பர் வட்டு. கோல் காவலர் உட்படப் பக்கத்திற்கு 6 பேர்; 20 நிமிடப் பகுதிகள் மூன்று. வேகம் மிகுதியாதலால் முழு ஆட்டமும் ஒருவரே ஆட இயலாது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் களைத்தவர் வெளியேற, ஓரத்தில் காத்திருப்பவர் உள்ளே பாய்வார். ஆட்டம் நிற்காமலே இம்மாற்றம் நிகழும். உரிய நேரத்தில் விலகுவதும் இவ்வாட்டத்தில் ஒரு திறமையே.

வளர்ந்த வழி

எருசியோனி 1954ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோர ஊரான வின்த்ராப்பில் பிறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழக அணியில் முன்வரிசையில் ஆடினார். நாட்டின் தலைசிறந்த அணிகள் மோதும் தேசிய ஹாக்கி லீக்கில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை. பட்டம் பெற்றபின், ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் அடுத்த நிலை அணியொன்றில் இரு பருவங்கள் ஆடினார்.

1980 ஒலிம்பிக்கிற்கு அமெரிக்க அணியைத் திரட்டியவர் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர் அவர். அவரில்லாமலே அந்த அணி தங்கம் வென்றது. அந்த ஏமாற்றத்தை உரமாக்கி, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்டே 20 பேர் அடங்கிய அணியை அவர் உருவாக்கினார். ஆட்டத்திறனில் எருசியோனியை விஞ்சியோர் அவர்களுள் இருந்தனர். எனினும் அணித்தலைவர் எருசியோனியே.

கடைசிப் பத்து நிமிடங்கள்

எதிரே நின்றது சோவியத் அணி. 1964 முதல் 1976 வரை நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் அதற்கே. 1980 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்கர்களை 10–3 என்று அது நசுக்கியது. 13 நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இவ்விரு அணிகளும் மீண்டும் மோதின.

முதற்பகுதியின் கடைசி நொடியில் மார்க் ஜான்சன் அடித்த கோலால் ஆட்டம் 2–2 என்று சமமாயிற்று. சோவியத் பயிற்சியாளர் தம் புகழ்பெற்ற கோல் காவலர் திரெத்யாக்கை நீக்கி மிஷ்கினை இறக்கினார். இரண்டாம் பகுதியில் சோவியத் 3–2 என முந்தியது. மூன்றாம் பகுதியில் ஜான்சன் மீண்டும் சமன் செய்தார். சற்று நேரத்தில், களைத்து வெளியேறிய தோழருக்கு மாற்றாக எருசியோனி உள்ளே வந்தார். பேவலிச் தள்ளிய வட்டு அவரிடம் வந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் மிஷ்கினின் பார்வையை மறைத்து நிற்க, எருசியோனி அடித்தார், கோல்! 4–3. அப்போது மூன்றாம் பகுதியில் சரியாக 10 நிமிடம் கழிந்திருந்தது. எஞ்சிய 10 நிமிடமும் சோவியத் அணி முட்டி மோதியும் கோல் காவலர் ஜிம் கிரெய்க் இடம் தரவில்லை.

இரு நாள் கழித்துப் பின்லாந்தை 4–2 என வென்ற பின்னரே தங்கம் உறுதியாயிற்று. மேடையில் அணித்தலைவர் மட்டுமே நிற்பது முறை. நாட்டுப்பண் முடிந்ததும் எருசியோனி தோழர்கள் அனைவரையும் கைகாட்டி அழைத்தார். ஒருவருக்கான அச்சிறு மேடையில் 20 பேரும் நெருக்கியடித்து நின்றனர்.

விடைபெறுதல்

அணியினருள் 13 பேர் தேசிய லீக்கில் ஆடினர். கென் மாரோ அதே ஆண்டில் ஸ்டான்லி கோப்பையையும் வென்றார். 25 வயதே ஆன எருசியோனியோ, இதனினும் உயர்ந்த தருணம் இனி வாராது எனத் தெளிந்து ஓய்வு பெற்றார். பின்னாளில் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் சுடரேற்ற அழைக்கப்பட்டபோதும் பழைய தோழர்களை அழைத்துக்கொண்டே ஏற்றினார்.

தொடர்ந்து ஆடியோர் தவறினர் என்று நான் சொல்லவில்லை. அவரவர் அளவை அவரவர் அறிந்தனர். நம்மில் பலருக்கு ஆட்டம் கல்லூரியோடு முடிந்துவிடும். அதனாலேயே ஆடியது வீண் என்று நானும் எண்ணியதுண்டு. என் கடைசிப் போட்டியில், பாதியில் என்னை வெளியே அழைத்து முதலாண்டு மாணவர் ஒருவரை இறக்கினர். அன்று மனம் கசந்தது. இன்று, என் இடத்திற்கு ஓடிவந்த அத்தம்பியின் முகத்திலிருந்த ஆவலே நினைவில் நிற்கிறது. முதலாண்டில் நான் உள்ளே ஓடியபோதும் எனக்காக ஓர் அண்ணன் வெளியேறியிருந்தார்.